கடன் ஏறாத கூரை: கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வாழ்வும் பணியும்

புதுவீடு மந்திரிப்புக்கு அழைப்பு வராத மாதம் நம் பங்குகளில் இல்லை எனலாம். அப்படியொரு வீட்டுக்கு அண்மையில் நாமும் போயிருந்தோம். பங்குத்தந்தை அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். முகப்பில் சிமெண்டால் உருட்டிய நான்கு தூண்கள். மாடியில் எவரும் நின்று பாராத ஒரு முகமாடம். சுவரெங்கும் வழுவழுப்பான பூச்சும் வண்ணமும். வந்தவர் அனைவரும் வாயாரப் புகழ்ந்தனர். விருந்து முடிந்து விடைபெறும் வேளையில் வீட்டுத் தலைவர் நம்மைத் தனியே அழைத்து, "ஐயா, எல்லாரும் அழகு என்கிறார்கள். இன்னும் பன்னிரண்டு ஆண்டுக்கு நான் வட்டி கட்டவேண்டும். இப்போதே பகலில் உள்ளே இருக்க முடியவில்லை, அவ்வளவு புழுக்கம்," என்று தணிந்த குரலில் சொன்னார்.

வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைப் பண்ணிப்பார் என்று நம் பெரியோர் எச்சரித்தது வீணன்று. செலவைக் கணக்கிடாமல் கோபுரம் கட்டத் தொடங்கியவனைப் பற்றி நம் ஆண்டவரும் உவமை சொல்லியிருக்கிறார். ஆயினும் வீடு என்றதும் நாம் கணக்கை மறந்து, அடுத்த வீட்டுக்காரரின் முகப்பைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு ஆண்டு நிம்மதியை விழுங்கிவிடும் அளவுக்கு வீடு கட்டுவது இத்தனை செலவான காரியமாகத்தான் இருக்கவேண்டுமா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுதும் கேட்டு, அதற்குச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் மறுமொழி கூறிய ஒரு பெருமகனாரை இக்கட்டுரையில் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம். அவர்தாம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்.

பிறப்பால் ஆங்கிலேயர், மனத்தால் இந்தியர்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பிறந்தவர் பேக்கர். அந்நகரிலேயே கட்டடக் கலை பயின்றார். இளமையில் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். போர் எவ்வகையிலும் தகாது என்பதும், ஆடம்பரமற்ற எளிமையே இறைவனுக்கு உகந்தது என்பதும் அச்சபையாரின் உறுதியான கொள்கைகள். எனவே இரண்டாம் உலகப்போர் மூண்டபோது பேக்கர் துப்பாக்கி ஏந்தவில்லை. அச்சபையாரின் மருத்துவ உதவிப் படையில் சேர்ந்து சீன நாட்டுக்குச் சென்றார். அங்கே காயமுற்றோருக்கும் தொழுநோயாளருக்கும் தொண்டு புரிந்தார்.

சீனாவிலிருந்து தாயகம் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் தங்க நேர்ந்தது. அப்போது காந்தியடிகளைச் சந்திக்கும் பேறு கிடைத்தது. கழித்துப்போட்ட துணியைக்கொண்டு பேக்கர் தம் கையாலேயே தைத்து அணிந்திருந்த காலணிகள் அடிகளின் கண்ணில் பட்டன. அதிலிருந்தே பேச்சு வளர்ந்தது என்பர். நல்லதொரு கிராமத்தின் வீடுகள், அவ்விடத்தைச் சுற்றி ஐந்து கல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களைக்கொண்டே கட்டப்படவேண்டும் என்று அடிகள் கூறிய கருத்து இளைஞரின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. பிற்காலத்தில் அவர் எழுப்பிய கட்டடங்கள் யாவும் அந்த ஒரு விதையிலிருந்து முளைத்தவை என்று சொன்னாலும் மிகையாகாது.

1945-இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பிவந்தார். தொழுநோயாளருக்குப் பணிபுரியும் கிறிஸ்தவ அமைப்பொன்று அவரைக் கட்டடக் கலைஞராக அமர்த்தியிருந்தது. நோயாளரை அடைத்து வைக்கும் பழைய விடுதிகளை, நோய் தீர்க்கும் மருத்துவமனைகளாக மாற்றுவதே அவருக்கு இடப்பட்ட வேலை. 1948-இல் எலிசபெத் ஜேக்கப் என்னும் கேரள மருத்துவப் பெண்மணியை மணந்தார்.

இமயமலை கற்பித்த பாடம்

மணமக்கள் இருவரும் இமயமலைப் பகுதியான பித்தோராகருக்குச் சென்றனர். மருத்துவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட மலைமக்கள் நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினர். விருந்தினராய்ச் சென்றவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். பதினாறு ஆண்டுகள் அம்மலையில் மருத்துவமனை நடத்தி வாழ்ந்தனர்.

பேக்கருக்கு அதுவே உண்மையான கல்லூரியாயிற்று. இங்கிலாந்தில் தாம் பயின்ற முறைகள் அந்த மலையில் செல்லுபடியாகவில்லை என்பதை அவர் கண்டார். பாறைக்கல், களிமண், சாணம், காட்டு மரம் ஆகியவற்றைக்கொண்டு அவ்வூர் மக்கள் கட்டிய வீடுகளோ குளிருக்கும் மழைக்கும் அசையாமல் நின்றன. எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனுக்கு இவ்வளவு அறிவு எங்கிருந்து வந்தது? நூற்றாண்டுகளாய்ப் பெயரற்ற மக்கள் செய்து பார்த்து, தவறியதைத் தள்ளி, நிலைத்ததைக் கைக்கொண்டு சேர்த்துவைத்த அறிவு அது என்று பேக்கர் உணர்ந்தார். பட்டம் பெற்ற அந்தக் கட்டடக் கலைஞர் மலைக் கொத்தனாரின் மாணவரானார். இந்தப் பணிவுதான் அவரைப் பெரியவராக்கியது என்பது நம் கருத்து.

1963-இல் அவ்விணையர் கேரளத்தின் வாகமண் மலைப்பகுதிக்கு வந்து அங்கும் மருத்துவப் பணி செய்தனர். பின்னர் 1970-ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினர். அதற்குள் பேக்கர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார். உலகறிந்த அவருடைய பெரும்பணிகள் அதன் பிறகே தொடங்கின என்பதை, வயதாகிவிட்டதே என்று மலைத்து நிற்போர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பேராயரின் அழைப்பு

திருவனந்தபுரம் மலங்கரைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் பேராயராக இருந்த பெனடிக்ட் மார் கிரகோரியோஸ் அவர்கள் ஏழைகளின் குடியிருப்பைப் பற்றி ஆழ்ந்த கவலை கொண்டவர். ஏழைகளுக்கு மலிவான வீடுகள் அமைத்துத் தருமாறு அவர் பேக்கரைக் கேட்டுக்கொண்டார். நாலாஞ்சிறையில் பேக்கர் தமக்கு வீடு கட்டிக்கொள்ள இடம் தந்தவரும் அவரே. செங்குத்தான பாறைச் சரிவு அது. மற்றவர்கள் பயனற்றது என ஒதுக்கும் நிலம். பேக்கர் அந்தச் சரிவை வெட்டிச் சமன் செய்யவில்லை. பாறை எப்படி வளைந்ததோ அப்படியே வீட்டையும் வளைத்தார். இடிக்கப்பட்ட வீடுகளின் பழைய மரம், உடைந்த ஓடு, வெற்றுப் புட்டிகள் முதலியவை அங்கே சுவரிலும் சன்னலிலும் புதுவாழ்வு பெற்றன.

சீகாரியத்தில் சேசு சபைக் குருக்கள் நடத்தும் லயோலா கல்வி நிலையத்துக்காக அவர் 1971-இல் கட்டிய சிற்றாலயமும் மன்றமும் நம் வாசகர்கள் சிறப்பாக அறியத்தக்கவை. ஆயிரம் பேர் அமரக்கூடிய கூடம் வேண்டும். கையிலிருந்த பணமோ சிறிது. இத்தகைய உயரமும் நீளமும் உள்ள கட்டடத்துக்கு இரும்பும் கான்கிரீட்டும் கொண்ட தூண்கள் வேண்டும் என்பதே வழக்கமான எண்ணம். பேக்கர் அவ்வாறு செய்யவில்லை. இடையில் வெளிவிட்டு இரட்டைச் செங்கற்சுவரை எழுப்பி, இரண்டையும் குறுக்குச் செங்கற்களால் பிணைத்தார். சுவர் நெடுகிலும் செங்கற்களுக்கிடையே சிறு சிறு திறப்புகளை விட்டார். அத்திறப்புகளின் வழியே காற்று உலவுகிறது. வெயில் கடுமை தணிந்து மென்மையான ஒளியாக உள்ளே வருகிறது. எழுப்பும் ஒலியும் எதிரொலித்துக் குழம்புவதில்லை. இரண்டு இலட்ச ரூபாய்க்கும் குறைவான செலவில் அது முடிந்தது. செபத்துக்கு ஏற்ற அமைதியை ஒளியும் நிழலுமே தந்துவிடுகின்றன. சலவைக்கல்லும் வண்ணக் கண்ணாடியும் இல்லாத குறையை அங்கே எவரும் உணர்வதில்லை. திருவல்லாவிலுள்ள புனித யோவான் பேராலயமும் கேரள மரபைத் தழுவி அவர் அமைத்ததேயாகும்.

சிக்கனத்தின் இலக்கணம்

பேக்கரின் முறைகளை இனிச் சற்று விளக்கமாகக் காண்போம். இவற்றில் மந்திரம் ஏதுமில்லை. இது தேவைதானா என்று ஒவ்வொரு பொருளையும் பார்த்துக் கேட்பதே அவருடைய முதல் விதி.

முதலாவது, சுவர். நாம் வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கையாக வைத்துக் கட்டுகிறோம். பேக்கர் அதை ஒருக்களித்து, குறுகிய விளிம்பின்மேல் நிறுத்தி வைப்பார். ஒன்பது அங்குலச் சுவரின் இரு முகங்களிலும் இவ்வாறு நிறுத்திய கற்களுக்கிடையே வெற்றிடம் உண்டாகும். இடையிடையே குறுக்குக் கற்கள் இரு முகங்களையும் கட்டிப் பிடிக்கும். எலிப்பொறி போன்ற அறைகள் உள்ளே அமைவதால் இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சுவரின் கனம் குறைவதில்லை. செங்கல்லோ ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மீதமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளிவெப்பத்தையும் தடுக்கிறது. பணமும் மிச்சம், குளிர்ச்சியும் மிச்சம்.

இரண்டாவது, தளம். கான்கிரீட் தளத்தின் மேற்பாதி பாரத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் உள்ள இரும்புக் கம்பி இழுவிசையைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் கம்பிகளுக்கிடையே நாம் கொட்டும் கான்கிரீட் பெரிதாக எந்த வேலையும் செய்வதில்லை. பயனின்றி விலையுயர்ந்த பொருளை ஏன் அங்கே கொட்டவேண்டும்? பேக்கர் அவ்விடங்களில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து, அவற்றின்மேல் கான்கிரீட் போட்டார். சிமெண்டு குறைந்தது, தளத்தின் எடை குறைந்தது, அதனால் கம்பியும் குறைந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே ஓர் அலங்காரமாகத் தெரிகிறது.

மூன்றாவது, சன்னலும் கதவும். சுவரில் செங்கல் வைப்பதைவிட அதே அளவு இடத்தில் மரச்சன்னல் வைப்பது பலமடங்கு செலவாகும். வெளிச்சமும் காற்றும் மட்டுமே வேண்டிய இடங்களில் செங்கற்களை இடைவிட்டு அடுக்கிச் சல்லடைச் சுவராக்கினால் போதும் என்றார். சன்னலுக்குக் கம்பியும் திரைச்சீலையும் வேண்டும். சல்லடைச் சுவருக்கு இவை எதுவும் வேண்டா. வாசல்களுக்கு மேல் கான்கிரீட் உத்தரம் போடுவதற்கு மாற்றாகச் செங்கல் வளைவு அமைத்தார். நிலைச்சட்டம் இல்லாமலே கதவுப் பலகையைச் சுவரோடு கீல் வைத்துப் பொருத்தினார்.

நான்காவது, பூச்சு. நல்ல செங்கல்லைச் சீராக அடுக்கிக் கட்டிய பின் அதைச் சாந்தால் மூடி, சாந்தை வண்ணத்தால் மூடி, சில ஆண்டுக்கொருமுறை மறுபடியும் வண்ணம் அடிப்பது எதற்கு? செங்கல் செங்கல்லாகவே தெரியட்டும் என்றார். கட்டடமும் பொய் சொல்லலாகாது என்பது அவர் கொள்கை. தன்னை மறைத்து வேறொன்றாய்க் காட்டிக்கொள்ளும் முகப்பு அவருக்குப் பிடிக்காது. வாய்மையை வற்புறுத்தும் குவேக்கர் வாழ்வு இங்கே சுவராய் நிற்கிறது.

சிமெண்டையும் எஃகையும் உருவாக்குவதற்குப் பெருமளவு எரிபொருள் வேண்டும் என்பதை அவர் நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துரைத்தார். இயன்ற இடங்களில் சுண்ணாம்பையும் மண்ணையும் பயன்படுத்தவேண்டும் என்றார். செங்கல் சுடுவதற்கும் விறகு எரிகிறதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. உலக நாடுகள் இன்று பேசும் சுற்றுச்சூழல் சிந்தனையை அவர் தனி மனிதராய்க் கடைப்பிடித்துக் காட்டினார்.

மீனவர் குடியிருப்பும் நகரக் கட்டடங்களும்

கத்தோலிக்க மீனவ மக்கள் பெருவாரியாக வாழும் திருவனந்தபுரம் கடற்கரையில் பூந்துறை என்னும் ஊர் உண்டு. 1970-களின் நடுவில் அங்கே மீனவருக்காக வீடுகள் அமைக்கும் பொறுப்பைப் பேக்கர் ஏற்றார. அரசுக் குடியிருப்புகளைப்போல் வீடுகளை ஒரே நேர்வரிசையில் நிறுத்தவில்லை. ஒன்றுக்கொன்று முன்னும் பின்னுமாகத் தள்ளி அமைத்தார். அதனால் கடற்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் வலை காயப்போடவும், பிள்ளைகள் விளையாடவும், இரவில் படுத்துறங்கவும் சிறு முற்றம் கிடைத்தது. தாழ்ந்து சரிந்த கூரையும் துளைகளுள்ள சுவரும் புயற்காற்றை எதிர்த்து முறியாமல் அதை வழியனுப்பிவிடும் வகையில் அமைந்தன. மீனவரின் வாழ்க்கையை அறிந்த ஒருவரே இவ்வாறு கட்ட இயலும்.

உயர்வருவாய்க்காரர், குறைவருவாய்க்காரர் என்று மக்களை வகைபிரித்து வீடு கட்டுவதை அவர் வெறுத்தார். ஒரு மத்தாயிக்கோ, ஒரு பாஸ்கரனுக்கோ கட்டுவேனேயன்றி ஒரு வகுப்புக்குக் கட்டமாட்டேன் என்பது அவருடைய நிலை. தன் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆயனை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

ஏழைகளுக்கு மட்டுமே இம்முறைகள் ஏற்றவை என்று எண்ணிவிடலாகாது. பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் அவர்களின் முயற்சியால் உருவான வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு உள்ளூரில் பேக்கர் அமைத்த கட்டடங்கள் அறிஞர் உலகம் போற்றுபவை. அங்கே மரங்களை வெட்டாமல், மரத்துக்காகச் சுவர் வளைந்து கொடுத்திருக்கிறது. தம்பானூர் இரயில் நிலையத்தருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தைப் பயணிகள் பலர் பார்த்திருக்கலாம். சிவந்த செங்கற் சுருளாக அது மேலே ஏறுகிறது. படியே இல்லாத சாய்தளத்தின் ஓரமாக மேசையும் இருக்கையும் வரிசையாய் அமைந்துள்ளன. நாமும் அங்கே அமர்ந்து காபி அருந்தினோம். வெளியே உச்சிவெயில், உள்ளே சல்லடைச் சுவர்வழியே மெல்லிய காற்று. மூட்டை தூக்கும் தொழிலாளியும் வழக்கறிஞரும் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்திருந்தனர். தமிழகத்தில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா கலைக்கூடத்தின் அமைப்பிலும் பேக்கரின் கை உண்டு.

1985-இல், முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன், கே. என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து, காஸ்ட்ஃபோர்டு என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். எளிய முறையில் கட்டுவதற்கு இளைஞர்களையும் கொத்தனார்களையும் அது பயிற்றுவித்தது. சாதாரண மக்களும் புரிந்துகொள்ளுமாறு படங்களோடு சிறு நூல்களை அவரே எழுதி வரைந்தார். பெரிய அலுவலகம் எதுவும் அவருக்கு இல்லை. பழைய உறைகளின் பின்புறத்தில் வரைபடம் போடுவார். நாள்தோறும் கட்டுமிடத்துக்கே சென்று கொத்தனார்களோடு நின்று கட்டுவார். 1989-இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடிவந்தது. 2007 ஏப்ரல் 1-ஆம் நாள், தொண்ணூறாவது வயது நிறைந்த சில வாரங்களில், தாம் கட்டிய வீட்டுள்ள திருவனந்தபுரத்திலேயே இறைவனடி சேர்ந்தார்.

மறுபக்கமும் உண்டு

புகழுரை மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது. பூசாத சுவரில் மழைநீர் இறங்கிப் பாசி பிடிக்கக்கூடும். சல்லடைச் சுவரில் தூசியும் ஒட்டடையும் கொசுவும் சேரும் என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறைகளில் உண்மை இருக்கிறது. கூரையைச் சுவருக்கு வெளியே நன்றாக நீட்டுதலும், வலையடித்தலும், ஆண்டுதோறும் துப்புரவு செய்தலும் வேண்டும். இம்முறையில் பொருட்செலவு குறைகிறது, கைவேலையோ மிகுகிறது. தேர்ந்த கொத்தனார் கிடையாவிட்டால் மிச்சம் பிடித்தது கூலியில் போய்விடும். நல்ல செங்கல் எல்லா ஊரிலும் கிடைப்பதுமில்லை.

ஆயினும் பேக்கர் நமக்கு விட்டுச்சென்றது ஒரு வரைபடம் அன்று; ஒரு கேள்வி. கேரளத்தில் செங்கல் என்றால் வேறோரிடத்தில் கருங்கல்லாகவும், இன்னோரிடத்தில் செம்மண்ணாகவும் இருக்கலாம். நம் ஊரில் என்ன கிடைக்கிறது? காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? நம் குடும்பத்துக்கு உண்மையில் எத்தனை அறை வேண்டும்? இந்த முகப்பு நமக்காகவா, தெருவுக்காகவா? கடைக்கால் தோண்டுமுன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து இவற்றைப் பேசிக்கொண்டால் பாதிக் கடன் அங்கேயே தீர்ந்துவிடும். பங்குகளில் புதிய ஆலயமோ பள்ளியோ மண்டபமோ எழுப்ப நினைப்போரும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். ஏழைகளின் காணிக்கையால் எழும் சுவரில் ஒரு செங்கல்லும் வீணாகலாகாது அல்லவா?

கட்டுரையின் தொடக்கத்தில் குறிப்பிட்டோமே, அந்த வீட்டுத் தலைவரை மறுபடியும் சந்தித்தோம். அவருடைய இளைய மகன் ஊரின் கீழ்க்கோடியில் சிறு மனை வாங்கியிருக்கிறானாம். திருவனந்தபுரத்தில் நாம் கண்டவற்றை ஒரு மாலைப்பொழுது முழுவதும் சொன்னோம். எலிப்பொறிக் கட்டைப் பற்றி அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு வீட்டின் பின்புறம் கிடந்த மீந்த செங்கற்களில் நான்கைக் கொண்டுவந்து திண்ணையில் ஒருக்களித்து நிறுத்திப் பார்த்தார். "தூண் வேண்டாம் என்றால் மருமகள் ஒத்துக்கொள்வாளோ, என்னவோ! ஆனால் அவன் தலையில் கடன் ஏறக்கூடாது ஐயா. அதை நானே சொல்லிவிடுகிறேன்," என்றார்.

அந்த வீட்டின் மந்திரிப்புக்கும் நமக்கு அழைப்பு வரும். அன்று வீட்டுத் தலைவனின் முகத்தில் கவலையின்றி மகிழ்ச்சி மட்டுமே இருக்கவேண்டும் என்பது நம் வேண்டுதல்.